பயிர் அறுவடைப் பரிசோதனையும் மகசூல் கணக்கும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் பாதையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். அதைச் சூழ்ந்த கிராமங்களில் ஏரி, கிணறு இவற்றின் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலங்களில் மணிலாக்கொட்டையும் விளைவது யாவரும் அறிந்ததே. ஒரு போகத்தில் அங்கே ஹெக்டேருக்கு எவ்வளவு மகசூல் கண்டது என்று கேட்டால், களத்து மேட்டில் பத்துப் பேர் பத்து விதமாக விடை கூறுவர். சர்க்கார் கணக்கிலோ ஒரே ஓர் எண்தான் ஏறும். அவ்வெண், 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள சில பாத்திகளை அறுத்து நிறுத்ததிலிருந்து கிடைப்பதாகும். அத்தகைய பாத்தி ஒன்றின் பரப்பு ஒரு சென்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவே. இவ்வளவு சிறிய நிலத்தைக் கொண்டு கிராமம் முழுவதையும் மதிப்பிடுவது எங்ஙனம் பொருந்தும் என்ற ஐயம் குடியானவர்களுக்கு எழுவது இயல்பு.

முற்காலத்தில் மகசூல் கண்ணால் கண்டு மதிப்பிடப்பட்டது. நிறைவிளைச்சலை இத்தனை அணா என்று வைத்துக்கொண்டு, இவ்வருஷம் பத்தணா, எட்டணா என்று கிராம உத்தியோகஸ்தர் எழுதி அனுப்புவர். அனுபவமுள்ளவரின் கண் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும், ஒருவர் எட்டணா என்பதை மற்றொருவர் பத்தணா என்பார். இருவரில் எவர் சரி என்று சோதிப்பதற்கு வழியில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே, 1920-களில் பீகார், ஒரிஸா மாகாணத்தில் ஹப்பக் என்னும் அதிகாரி நெல் வயல்களில் சிறு முக்கோணங்களை அறுத்து நிறுத்துப் பார்க்கலானார். பின்னர் மகலனோபிஸ், சுகாத்மே முதலிய கணித அறிஞர்கள் இம்முறையை விரிவுபடுத்தினர்.

இம்முறையின் உயிர்நாடி, பாத்தி எங்கே விழவேண்டும் என்பதை மனிதர் எவரும் தீர்மானிக்கலாகாது என்பதே. ஏரி மதகையடுத்த வயலும் கடைமடை வயலும் ஒன்று போல் விளைவதில்லை. கிணற்றுப் பாசன மணிலாவும் மானாவாரி மணிலாவும் அவ்வாறே. அறுக்க வருபவர் பாதையோரத்து வயலையே நாடினால், அல்லது நிலத்துக்குரியவர் தம் நல்ல மூலையைக் காட்டினால், அல்லது நஷ்டத்தை எண்ணி வாடிய மூலையைக் காட்டினால், எத்தனை பாத்திகள் அறுத்தும் பயனில்லை. எனவே சர்வே எண்ணும், வயலுக்குள் பாத்தி தொடங்கும் இடமும் சீட்டுப் போட்டது போன்ற எண்களின் அட்டவணையைக் கொண்டு குறிக்கப்படுகின்றன. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அவ்வெண்களின்படி அளந்து சென்று, முதல் முளை அடிக்கப்படும். அவ்விடத்தில் பயிர் சோடையாயிருந்தாலும் செழிப்பாயிருந்தாலும் இடம் மாற்றக் கூடாது.

நான்கு பக்கமும் 5 மீட்டராக இருந்துவிட்டால் போதாது. மூலைகள் சாய்ந்திருப்பின் பரப்பு குறைந்துவிடும். குறுக்காக மூலைக்கு மூலை 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பார்ப்பதே இதற்குப் பரிகாரம். பாத்தியைச் சிறிதாக்கினால் வேலை குறையுமே என்று சிலர் கருதலாம். அதில் ஒரு சூழ்ச்சி உண்டு. கயிற்றின் மேல் நிற்கும் செடி உள்ளே சேர்ந்ததா வெளியே சேர்ந்ததா என்ற சந்தேகம் எழும்போது, அறுப்பவர் கை அதை உள்ளே சேர்க்கவே விழைகிறது. 5 மீட்டர்ப் பாத்தியில் சதுர மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. 1 மீட்டர்ப் பாத்தியிலோ சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை. அதாவது இப்பிழைக்கு ஐந்து மடங்கு இடம் உண்டு. சிறு பாத்திகள் மகசூலை மிகைப்படுத்துகின்றன என்று சுகாத்மே 1940-களில் வாதித்தது இதுபற்றியே.

நிறுவையிலும் கவனம் வேண்டும். பாத்தியின் எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல் கிடைக்கும். ஆகையால் தராசில் 100 கிராம் தவறினால் கணக்கில் 40 கிலோ தவறும். பறித்தவுடன் நிறுத்த மணிலாக்காயில் ஈரமும் மண்ணும் சேர்ந்திருக்கும். அதை உலர்ந்த காயின் எடையாகக் கொள்வது பெரும் பிழை.

இனிக் கணக்கைப் பார்ப்போர்க்கு உதாரணமாக, ஒரு கிராமத்தின் நான்கு பாத்திகளில் உலர்ந்த காய் 3.2, 5.1, 4.0, 5.7 கிலோ கண்டதாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 18 கிலோ; சராசரி 4.5, ஹெக்டேருக்கு 1,800 கிலோ. பெரும்பாலோர் இதனோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதும் விஷயமே. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகிய அளவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3.74, அதை 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் சுமார் 1.12 கிலோ. பாத்திகள் நான்காதலின், 4-இன் வர்க்கமூலமாகிய 2-ஆல் அதை வகுக்க, சராசரியின் பிழை 0.56 கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 223 கிலோ ஆகிறது. பாத்திகள் மிகச் சிலவாயிருப்பதால் இதைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக இருபுறமும் இடம் விடவேண்டும். ஆகவே கிராமத்தின் உண்மையான மகசூல் 1,100 கிலோவுக்கும் 2,500 கிலோவுக்கும் இடையில் எங்கும் இருக்கக்கூடும்! பதினாறு பாத்திகள் அறுத்திருந்தால் பிழை ஏறக்குறைய பாதியாகும். நான்கு மடங்கு உழைப்புக்கு இரு மடங்கு திருத்தமே கிடைக்கிறது. இக்கணிதத்தில் சலுகை இல்லை.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் புதிய மணிலா ரகங்களைப் பழைய ரகத்தோடு ஒப்பிடும்போதும் இதே கணக்குத்தான். வட ஆர்க்காட்டுக் குடியாத்தத்தின் பெயர் தாங்கிய கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 முதலிய ரகங்கள் அந்நிலையத்தில் தோன்றியவையே. இரு ரகங்களின் வித்தியாசம் பாத்திக்குப் பாத்தி இயல்பாக உண்டாகும் வித்தியாசத்தை மிஞ்சினாலொழிய, புதியது மேலானது என்று கூற இடமில்லை.

கிராமத்தில் இவ்விஷயம் பணமாகவே முன் நிற்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு குடியானவரின் வயலும் தனித்தனியே பார்க்கப்படுவதில்லை. முழு அலகின் சராசரி, முன் வருஷங்களைக் கொண்டு நிர்ணயித்த உத்தரவாத மகசூலுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்விகிதத்தில் அனைவருக்கும் ஈடு கிடைக்கும். கிராமமே அலகானால் நான்கு பரிசோதனைகளாவது நடத்த வேண்டும் என்பது விதி. மேற்கண்ட உதாரணத்தில் உத்தரவாத மகசூல் 1,900 கிலோ எனில், ரூ. 30,000-க்கு இன்ஷூர் செய்தவருக்குச் சுமார் ரூ. 1,579 சேரும். நான்கு பாத்திகளிலும் சேர்த்து ஒரே ஒரு கிலோ கூடுதலாக நிறுக்கப்பட்டிருப்பின், அக்கிராமத்தில் எவருக்கும் ஒன்றும் கிடைத்திராது.

எனவே பாத்தி அறுக்கும் நாளில் நிலத்துக்குரியவர் உடனிருப்பது நலம். மூலை எதிலிருந்து அளக்கப்பட்டது, குறுக்களவு சரியா, தராசு வெறுமையில் பூஜ்யம் காட்டுகிறதா என்ற மூன்றையும் அவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மணிலாவாயின், உலர்த்துவதற்காக எடுத்து வைத்த மாதிரிக் காயைத் துணிப்பையிலிட்டுச் சீட்டுக் கட்டினார்களா என்பதையும், எடை மேலும் குறையாத வரையில் அது வெயிலில் காய்ந்து மறுமுறை நிறுக்கப்பட்டதா என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.