வெளியூரில் ஒரு பிரதி இருக்கட்டும்!

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை அடையாற்றில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, ஆறு கரை புரண்டது. ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரிசி, வீட்டுப் பத்திரம், மாமியாரின் மாத்திரை டப்பா, இவற்றைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் யார் நினைவுக்கும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும், "கவலைப்படாதே, தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி இருக்கு" என்றார் இவர். இருந்தது, அதே மேஜையின் கீழ் டிராயரில்! போதாததற்கு, ஈரம் காய்ந்ததா என்று பார்க்க அதற்கு கரண்ட் வேறு கொடுத்தோம். நனைந்த டிஸ்க்கை இயக்கவே கூடாதாம். ரிப்பேர்க்காரர் பிறகுதான் சொன்னார்.

மகளின் முதல் பிறந்த நாள், என் அம்மா காலமாவதற்கு முன் பேசிய பேச்சு, எல்லாம் போயிற்று. வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு முகாம் வைத்து நகல் கொடுத்தது. அம்மாவின் குரலுக்கு நான் எந்த ஆபீசில் போய் நகல் கேட்பேன்?

ஒரு மாதம் கழித்து கோயமுத்தூரிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க எப்பவோ கொடுத்தனுப்பின சி.டி. ஒண்ணு எங்க பீரோவுல இருக்கு!" அதில் அறுபது படங்கள். அம்மாவின் குரல் இல்லை. ஆனால் பிறந்த நாள் இருந்தது. அன்றுதான் புத்தி வந்தது. பிரதி இருந்தால் போதாது, அது வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். நம் ஏட்டுச்சுவடிகள் பிழைத்ததும் அப்படித்தானே? ஒரே நூலுக்கு ஊர் ஊராகப் பல பிரதிகள் இருந்ததால்தான் உ.வே.சா. தேடி ஒப்பிட முடிந்தது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் '3-2-1' என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வெளியிடத்தில். அந்த வெளியிடம் எது? நாங்கள் யோசித்த வழிகள் இவை:

உறவினர் வீடு: ஒரு முறை டிஸ்க் வாங்கும் செலவோடு சரி. இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிக் கொடுங்கள். ஆனால் கடைசியாகப் போனதற்குப் பின் எடுத்த படங்கள் அதில் இராது.

பாங்க் லாக்கர்: பத்திரம்தான். ஆனால் அதே ஊர். தரைத்தளத்தில் இருந்தால் அங்கும் வெள்ளம் வரலாம்.

இன்டர்நெட் சேமிப்பு ('கிளவுட்'): தானாகவே நடக்கும். கூகுளில் 15 ஜி.பி. வரை இலவசம், அதற்கு மேல் சந்தா. முதல் முறை பொறுமை வேண்டும். அனுப்பும் வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால், 200 ஜி.பி. போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு நாள். ஒரு எச்சரிக்கை: 'சிங்க்' என்பது வேறு, காப்பு என்பது வேறு. சிங்க்கில், இங்கே குழந்தை தவறி அழித்தால் அங்கும் அழிந்துவிடும். இரண்டு வருஷம் தொடாத கணக்கையும் கூகுள் நீக்கிவிடலாம்.

கடைசியில் இரண்டு வழியையும் வைத்துக்கொண்டோம். முக்கியமான படங்கள் கிளவுடில். எல்லாமும் கோயமுத்தூர் பீரோவில். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் டிஸ்க் மாற்றம். மாற்றும்போது நாலு படமாவது திறந்து பார்த்துவிடுவேன். திறக்காத பிரதி இருந்தும் இல்லாததுபோலத்தான். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி நாத்தனாரிடமே கொடுத்திருக்கிறேன், டிஸ்க்கோடு சேர்க்காமல் தனியாக!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடி கரண்ட் போயிற்று. அரிசியை மட்டும் மேலே ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

சகோதரிகளே, அடுத்த மழைக்குக் காத்திராதீர்கள். உங்கள் அம்மாவின் குரல் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.