மூக்குப்பேணியும் சிரட்டையும்

முன்னோர் புழங்கிய பொருளொன்று வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அதனை யாது செய்வதென்னும் வினா என்றோ ஒருநாள் எழவே செய்யும். சென்ற தை மாதத்தில் அவ்வினா எனக்கும் எழுந்தது. எங்கள் அலுமாரியின் மூலையிற் பித்தளை மூக்குப்பேணி ஒன்று கிடந்தது. உதடு படாமல் அண்ணாந்து அருந்துதற்கென்றே பக்கத்தில் மூக்கு வைத்துச் செய்த பாத்திரம் அது. என் பேரப்பிள்ளைகளுக்கு அதன் பெயர்தானும் தெரியாது. ஆகவே, எங்கள் பகுதி நூதனசாலைக்கு அதனைக் கொடுத்துவிடத் தீர்மானித்தேன்.

கொடுக்கும் பொருள் துலங்க வேண்டாமா? பழப்புளியிட்டுத் தேய்த்துப் பொன்போல் மினுக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் அதைக் கண்டதும் முகம் வாடினார்.

“ஐயா, இனி ஏதும் கொண்டுவந்தால் மினுக்காதேயுங்கோ. படிந்த கறையும் எங்களுக்குச் சான்றுதான்” என்றார்.

கொடுத்தபின் பொருள் நூதனசாலைக்கே உரியது. அதனை எப்பொழுதும் காட்சிக்கு வைப்பதாக உறுதி கூற இயலாது என்றும் விளக்கினார். பின்னர் பதிவுத் தாளை எடுத்து, யார் புழங்கியது, எதற்குப் புழங்கியது, எவ்வழியாக என் கைக்கு வந்தது என ஒவ்வொன்றாய் வினவினார். நான் விழித்தேன்.

அவர் வினவியதில் நியாயம் இருந்தது. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது ஈமக்குழியொன்றில் எழுத்துப் பொறித்த சிறு முத்திரை கிடைத்தது. கிடைத்த இடமும் உடன்கிடந்த பொருள்களும் தெரிந்தமையாலேயே அது வரலாறாயிற்று. எங்கிருந்து வந்ததென்றறியாமல் ஒரு கடையிற் கிடந்திருந்தால், அது பேசியிருக்கக்கூடியது மிகக் குறைவு.

பேணியோடு திரும்பி, எண்பதை நெருங்கும் என் தமக்கையாரிடம் சென்றேன். அவர் முதலிற் கூறியது நான் அறியாத செய்தி. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா உடுபுடவைப் பொட்டலத்துள் இப்பேணியையும் வைத்துக் கட்டினாராம். அவ்விரவு பெய்த மழைநீரை அதில் ஏந்தி, முன்பின் அறியாதவர்களின் குழந்தைகளுக்கும் பருகக் கொடுத்தாராம்.

“சரி, அதற்கு முன்பு யார் இதில் குடித்தார்கள்?” என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: விறாந்தையில் அமரும் விருந்தினருக்கே பேணி, தோட்டத்தில் வேலை செய்த தொழிலாளருக்குச் சிரட்டை. வேலியோரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அச்சிரட்டையை அவர்களே எடுத்து, அவர்களே கழுவி வைப்பார்கள்.

“உதெல்லாம் ஏன் தம்பி எழுதவேணும்? எங்கட வீட்டு மானமெல்லே போகும்.”

அவர் வருந்தியது எனக்கு விளங்காமலில்லை. எனினும், சாதியின் பெயரால் ஒருவரைப் பொதுவிடங்களில் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டிற் சட்டம் வந்த பின்னரும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த நாடு இது. பேணி மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்ன, சிரட்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையெனில், பார்ப்பவர் எங்கள் விருந்தோம்பலை மெச்சிச் செல்வர். அது பாதி உண்மை. சிரட்டைகள் அடுப்பெரிந்து போயின; அவற்றைக் கொடுக்க எவரிடமும் இல்லை. அவற்றுக்கும் சேர்த்து இப்பேணியே சாட்சி சொல்லவேண்டும்.

இதனை அக்காவிடம் சொன்னேன். நெடுநேரத்தின் பின், “அப்ப அம்மா மழைத்தண்ணி குடுத்ததையும் எழுது” என்றார்.

இரண்டையும் எழுதினேன். உத்தியோகத்தர் வாசித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஏட்டுச்சுவடியோ எழுத்தாணியோ கொத்தோ கிடக்கலாம். கொடுக்க எண்ணினால் மினுக்காமல் கொடுங்கள். அதற்கு முன் வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று, அதனைத் தொட்டவர் யார், தொடக்கூடாதென விலக்கப்பட்டவர் யார் என்று கேட்டெழுதிக்கொள்ளுங்கள். பித்தளை இன்னும் நூறாண்டு கிடக்கும். சொல்லக்கூடியவர் அத்தனை காலம் இருக்கமாட்டார்.