வளைந்த கைப்பேசியை நிமிர்த்தலாமா?

கணக்கெடுப்பு, பயிர் ஆய்வு, தடுப்பூசிப் பதிவு முதலிய பணிகளுக்கு இக்காலத்தில் ஸ்மார்ட் கைப்பேசியே ஏடும் எழுதுகோலுமாக அமைந்துள்ளது. வெளிப்பணி ஊழியர்கள் பலர் அதனைக் காற்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு நெடுந்தூரம் பயணம் செய்கின்றனர். மாலையில் எடுத்துப் பார்க்கும்போது அது சற்றே வளைந்திருப்பதுண்டு. முழங்காலில் வைத்து அமுக்கி நேராக்கிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அச்செயல் தீ விபத்திற்கே இடமளிக்கக்கூடும்.

ஒரு தகட்டின் கனம் பாதியானால், வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய கைப்பேசி எளிதில் வளைவதற்கு இதுவே காரணம். 2014-இல் வெளியான ஐபோன் 6 பிளஸ் கருவிகளுட் சில, பையில் இருந்தவாறே வளைந்தன. மறு ஆண்டில் வந்த 6எஸ் வகைகளில் 7000 வரிசையைச் சேர்ந்த, உறுதிமிக்க அலுமினியக் கலவை பயன்படுத்தப்பட்டது.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே விளக்கலாம். எஃகு அளவுகோலைச் சிறிது வளைத்து விட்டால் அது தானே நிமிர்ந்துவிடும். செம்புக் கம்பியை மடக்கினாலோ, மீள் எல்லையைக் கடந்துவிடுவதால் மடங்கியபடியே நிற்கும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மடக்கி நிமிர்த்தினால் கம்பி ஒடிந்துபோகும். கைப்பேசியின் உலோகச் சட்டமும் இத்தன்மையதே. சட்டம் நிமிர்ந்தாலும் உள்ளிருக்கும் கண்ணாடியும் மின்சுற்றுப் பலகையின் பற்றாசு இணைப்புகளும் விரிசல் காணக்கூடும்.

அனைத்திலும் அபாயமானது லித்தியம்-அயனி மின்கலமாகும். அதன் நேர், எதிர் மின்வாய்களைப் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமே. அப்படலம் கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு வெப்பம் பெருகும். மின்கலத்திலுள்ள திரவமும் தீப்பற்றக்கூடியது. சேதமுற்ற மின்கலம் உடனே அன்றி, சில மணி நேரம் கழித்தும் எரியக்கூடும்.

ஆதலின் கைப்பேசி வளைந்திருக்கக் கண்டால் முதலில் அதனைச் சமதளமான மேசைமீது வைத்து நோக்குக. பின்மூடி புடைத்திருத்தல், திரை விளிம்பில் பெயர்ந்திருத்தல், சூடு, சீறும் ஒலி, விந்தையான மணம் ஆகியவை மின்கலம் கெட்டதற்கு அறிகுறிகள். சில சமயம் மின்கலம் வாயுவால் வீங்கியதே வளைவுக்குக் காரணமாக இருக்கும். இவ்வறிகுறிகள் காணப்படின், இயலுமாயின் கருவியை அணைத்து, எரியும் பொருள்களும் குழந்தைகளும் அணுகாதவாறு சிமெண்டுத் தரைமீது தனியே வைத்தல் வேண்டும். சூடோ புகையோ தோன்றிவிட்டால் அதனைத் தொடாது விலகுவதே முறை.

அறிகுறிகள் எவையும் இல்லையெனில், எஞ்சிய மின்சக்தியைக் கொண்டே பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, பின்னர் கருவியை அணைத்துவிடலாம். எந்நிலையிலும் அதனை மின்னேற்றம் செய்யவோ, அமுக்கவோ, ஊசி கொண்டு துளைக்கவோ கூடாது. பயிற்சி பெற்ற பழுதுபார்ப்போரே மின்கலத்தை அகற்ற வேண்டும். கழித்த மின்கலத்தை வீட்டுக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்; 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன.

பயணத்தின்போது கைப்பேசியைப் பின்பையில் வையாது, தோட்பையில் தட்டையாக வைத்துக்கொள்வதே சிறந்த காப்பு. அன்றாடப் பதிவுகளை அன்றன்றே அலுவலகத்திற்கு அனுப்பிவிடும் வழக்கமும் இருப்பின், கருவி பழுதுற்றாலும் செய்த வேலை வீண்போகாது.