குயில்ட் தைக்க எந்த மெஷின் வாங்கலாம்? கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியவை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் மிச்சத் துணிகளை எப்படிப் பிரித்து வைப்பது என்று பேசினோம். அதைக் கேட்டுவிட்டு, ரிட்டையர்டான ஒரு டீச்சர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"கண்ணு, எங்கம்மா போய் ஒரு வருஷம் ஆச்சு. அவங்க கட்டின காட்டன் புடவை ஒன்பது இருக்கு. எனக்கு, தங்கச்சிக்கு, தம்பிக்குன்னு ஆளுக்கொரு குயில்ட் தைக்கலாம்னு ஆசை. பென்ஷன்ல கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். கடையில கேட்டா இருநூறு டிசைன் போடுற மெஷினைக் காட்டி, குயில்ட்டுக்கு இதுதான் மேடம்ங்கறாங்க. வாங்கிடலாமா?"

டீச்சர், இந்த எபிசோடைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் பணத்தைக் கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன்.

இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். என் முதல் மெஷினை டிசைன் எண்ணிக்கை பார்த்துத்தான் வாங்கினேன். பாட்டியோட இரண்டு சுங்குடிப் புடவையில் ஒரு குயில்ட் ஆரம்பித்தேன். துண்டுகளை இணைக்கிற வரை எல்லாம் நல்லாத்தான் போச்சு. நடுவில் பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோது, பாதி போர்வை மெஷினுக்குள்ளேயே போகலை. இழுத்துப் பிடித்துத் தைத்ததில் அடித்துணி முழுக்கச் சுருக்கம். நாலு சாயங்காலம் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். புதுத் துணியாக இருந்தால் பரவாயில்லை. நாற்பது வருஷத்துப் புடவை, பிரிக்கப் பிரிக்க இழை விட்டுக் கிழிந்தது. பழைய புடவை நமக்கு இரண்டாவது வாய்ப்புத் தராது. அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

குயில்ட்டில் மெஷினுக்கு இரண்டு வேலை

முதல் வேலை, வெட்டிய துண்டுகளை இணைப்பது. இரண்டாவது வேலை, மேல் துணி, நடுவில் வாடிங், அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைப்பது. குயில்ட்டுக்குக் குயில்ட் என்று பேர் வாங்கித் தருவது இந்த இரண்டாவது வேலைதான்.

இரண்டுக்குமே தேவைப்படுவது நேர்த் தையல். பூ, இலை, வாத்து வரிசை எதுவும் வேண்டாம். அப்ளிக் வைப்பவர்களுக்கு ஜிக்ஜாக் உதவும், அவ்வளவுதான். அமெரிக்காவில் குயில்ட் தைப்பவர்கள் விரும்பி வாங்குகிற ஜுக்கி டி.எல். 2010க்யூ என்ற மெஷினில் நேர்த் தையல் ஒன்றே ஒன்றுதான் இருக்கு. நிமிடத்துக்கு 1500 தையல் வரை போகும். இருநூறு டிசைன் எதிரில் ஒரே ஒரு டிசைன்! அதை ஏன் வாங்கறாங்க? பதில் அடுத்த விஷயத்தில் இருக்கு.

ஊசிக்கு வலது பக்கம் எத்தனை அங்குலம்?

மெஷினுக்கு முன்னால் உட்காருங்க. ஊசியிலிருந்து வலது பக்கத் தூண் வரைக்கும், தலைக்கு அடியில் ஒரு வெற்றிடம் இருக்கும். கடைக்காரர்கள் த்ரோட் ஸ்பேஸ் என்பாங்க. வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றில் இது ஆறு, ஆறரை அங்குலம். நான் சொன்ன ஜுக்கியில் சுமார் எட்டரை. பெரிய குயில்டிங் மெஷின்களில் பத்து, பதினொன்று, அதற்கு மேலும் போகும்.

இரண்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோணும். ஒரு கணக்குப் போடுவோம். சிங்கிள் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளத்தில் ஒரு குயில்ட். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு தைக்கிறீங்க. அப்போது 30 அங்குலத் துணி வலது பக்கம் இருக்கு. அது சுருட்டிக்கொண்டு அந்த வெற்றிடத்துக்குள்தான் இருந்தாகணும். வாடிங் வைத்த துணியைச் சுருட்டினால் சுருள் சுமார் நாலு அங்குலம் வரும். ஆறரையில் நாலு போனால், உங்க கைக்கு மிச்சம் இரண்டரை அங்குலம். எட்டரையில் நாலு போனால் மிச்சம் நாலரை. மெஷின் இரண்டு அங்குலம்தான் பெரிது, வேலை செய்கிற இடமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துடாதீங்க. உயரமும் முக்கியம். நாலு அங்குலச் சுருள் நுழைய ஐந்து அங்குலமாவது உயரம் இருந்தால் நல்லது.

பல்லும் பாதமும்

ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற ரம்பம் மாதிரி ஒன்று இருக்கே, நம்ம டெய்லர்கள் 'பல்லு' என்பாங்க. அது அடித்துணியைத்தான் தள்ளும். மேல் துணியைப் பாதம் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சட்டைத் துணி மெல்லிசு, சேர்ந்தே போயிடும். மூன்று அடுக்கில் அடித்துணி முன்னால் போய், மேல் துணி பின்தங்கும். சுருக்கம் விழுவது இதனால்தான். என் சுங்குடிப் போர்வையில் நடந்ததும் இதுதான்.

இதற்குத் தீர்வு வாக்கிங் ஃபுட். அது மேலேயும் பல் வைத்த ஒரு பாதம். கீழே பல் தள்ளும்போது மேலே இதுவும் தள்ளும். நேர்கோடாகத் தைப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. நீங்க பார்க்கிற மெஷினுக்குப் பொருந்துகிற வாக்கிங் ஃபுட் கிடைக்குமா என்று மெஷின் வாங்கும்போதே கேளுங்க. எல்லாப் பாதமும் எல்லா மெஷினுக்கும் சேராது.

கோலம் மாதிரி வளைந்து வளைந்து தைக்க ஆசைப்பட்டால், பல்லைக் கீழே இறக்கிவிட்டு, நாமே துணியை நகர்த்தித் தைக்கணும். இதை ஃப்ரீ மோஷன் என்பாங்க. அதற்குப் பல்லை இறக்குகிற வசதியும், டார்னிங் ஃபுட்டும் வேண்டும். சில மெஷினில் இறக்க முடியாது, தகடு வைத்து மூடணும். அதிலும் வேலை நடக்கும்.

கால் அங்குலமும் ஊசித் தட்டும்

குயில்ட்டில் தையல் விளிம்பு கால் அங்குலம். இதில் ஒரு நூல் பிசகினாலும் கூடிக்கொண்டே போகும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தவறினால், ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போச்சு. வரிசையில் எட்டுத் தையல் இருந்தால் ஒரு அங்குலமே காணாமல் போகும். அடுத்த வரிசையோடு மூலை எப்படிச் சேரும்? அதனால கால் அங்குலப் பாதம் உண்டா என்று கேளுங்க.

இன்னொன்று, யாரும் சொல்லாத விஷயம். டிசைன் நிறைய போடுகிற மெஷினில் ஊசி இடமும் வலமும் போய்வரணும். அதனால ஊசித் தட்டில் ஓட்டை அகலமாக இருக்கும், சிலதில் 9 மில்லிமீட்டருக்கு. முக்கோணத் துண்டின் கூர்முனையை வைத்தால் துணியை அப்படியே உள்ளே இழுத்துவிடும். சலவையில் நைந்த புடவை இன்னும் சீக்கிரம் உள்ளே போகும். சின்ன வட்ட ஓட்டை போட்ட நேர்த் தையல் தட்டு தனியாகக் கிடைக்கும். அது உங்க மாடலுக்கு உண்டா என்று விசாரிங்க.

வீட்டிலிருக்கும் கருப்பு மெஷினை விற்றுவிடாதீங்க

அம்மா காலத்துக் கால் மிதி மெஷின் வீட்டில் இருந்தால், துண்டு இணைக்க அதைவிட நல்ல மெஷின் தேட வேண்டாம். நேர்த் தையல் மட்டும்தான், ஓட்டை சின்னது, இரும்பு உடம்பு ஆடாது. தெருமுனை மெக்கானிக்கே சரிபார்த்துவிடுவார். அதில் மேல் பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு, மூன்று அடுக்கைத் தைப்பதற்கு மட்டும் வேற ஏற்பாடு யோசிக்கலாம்.

சிலர் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மெஷினை வாங்கிடலாமா என்று கேட்கறாங்க. இடம் தாராளம், மேசையோடு சமமாக இருப்பதால் துணி கனம் இழுக்காது. ஆனால் வேகம் அதிகம், பல்லை இறக்கும் வசதி பொதுவாக இருக்காது, வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். நேர்கோட்டுத் தையலே போதும் என்பவர்கள் மட்டும் யோசிங்க.

அமெரிக்காவிலிருந்து வருகிற மெஷின்

"என் பையன் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" இந்தக் கேள்வியும் அடிக்கடி வருது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் மோட்டாரோ போர்டோ கருகிவிடும். மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன வோல்டேஜ் போட்டிருக்கு என்று பாருங்க. 120 மட்டும் என்றால் போதுமான வாட்ஸ் உள்ள ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வாரண்டியும் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. இங்கே யார் சர்வீஸ் பண்ணுவாங்க என்று தெரிந்துகொண்டு அப்புறம் சொல்லிவிடுங்க.

கடையில் செய்து பார்க்க வேண்டிய சோதனை

கடையில் காட்டுகிற டெமோ துணி எப்பவும் மொடமொடப்பான ஒற்றைத் துணி. அதில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். நீங்க வீட்டிலிருந்து எடுத்துப் போங்க. ஒன்றரைச் சாண் அளவுக்குப் பழைய காட்டன், வாடிங், அடித்துணி மூன்றையும் அடுக்கி ஒரு சாம்பிள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைத் துணி. ஒரு அளவு டேப். இவ்வளவுதான்.

மூன்று பட்டைகளையும் கால் அங்குலத்தில் இணைத்து, தேய்த்த மாதிரி நகத்தால் நீவிவிட்டு, நடுப்பட்டையை அளங்க. சரியாக ஒரு அங்குலம் வரணும்.

அடுத்து சாம்பிளை ஓரத்தில் ஒரு மடிப்பு மடித்து, ஆறு அடுக்கின் மேல் மெதுவாக ஓட்டுங்க. வேகமாக ஓட்டினால் எந்த மோட்டாரும் தாண்டிடும். மெதுவாகப் போகும்போது முனகுதா, நிற்குதா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, சாம்பிளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. சுருக்கமோ நூல் கொத்தோ இருந்தால் டென்ஷனையும் பாதத்தின் அழுத்தத்தையும் மாற்றித் தைத்துக் காட்டச் சொல்லுங்க. அழுத்தத்தை மாற்றவே முடியாத மெஷினை நான் வாங்க மாட்டேன்.

இதற்கெல்லாம் இடம் தராத கடையில் எதுக்கு வாங்கணும்?

டீச்சருக்கு என் பதில்

டீச்சர், உங்க வீட்டில் கருப்பு மெஷின் இருக்குன்னு மெசேஜ் கடைசியில் சொன்னீங்க. ஒன்பது புடவையையும் அதிலேயே இணைச்சிடுங்க. புடவைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க, நைந்த இடத்தைத் தவிர்த்துட்டு முந்தானைப் பக்கம், உடம்புப் பக்கம் என்று நல்ல இடமா வெட்டுங்க. ஊசி புதுசா போடுங்க. எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிடுங்க, மழுங்கின ஊசி பழைய இழையை அறுக்கும்.

மூன்றே மூன்று குயில்ட்தான், அதற்கப்புறம் தைக்கப் போறதில்லை என்றால், புது மெஷினே வேண்டாம். ஒரு குயில்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாடிங் வைத்துத் தைத்து, பிறகு இணைக்கலாம். இருபது அங்குல அகலப் பகுதி எந்த மெஷினிலும் நுழையும். கையாலேயே ஓட்டுத் தையலும் போடலாம். வங்காளத்து காந்தாவும் வடகர்நாடகத்துக் கவுதியும் கைத் தையலில் வந்ததுதான்.

இனிமே இதுதான் என் பொழுது என்று நினைத்தால், பணத்தை டிசைனுக்குக் கொடுக்காதீங்க, இடத்துக்குக் கொடுங்க. நேர்த் தையல் மட்டும் போடுகிற, எட்டு அங்குலத்துக்கு மேல் இடமுள்ள, வாக்கிங் ஃபுட்டும் எக்ஸ்டென்ஷன் டேபிளும் கிடைக்கிற மெஷின். உங்க ஊரில் சர்வீஸ் இருக்கணும்.

எதை வாங்கினாலும் முதல் குயில்ட் அம்மா புடவையில் வேண்டாம். பழைய பெட்ஷீட்டில் ஒன்று தைத்துப் பாருங்க. அந்த ஒன்றில் எல்லாத் தப்பையும் பண்ணி முடிச்சிடுங்க. புடவைப் பெட்டியை அப்புறம் திறக்கலாம்.

அடுத்த எபிசோடில் வாடிங் பற்றிப் பேசுவோம்: காட்டனா, பாலியஸ்டரா, நம்ம வெயிலுக்கு எது சரி. சாம்பிளோடு கடைக்குப் போனவங்க என்ன நடந்தது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க.