காற்றுக்குத் தைத்த பெல்பாட்டம்

எழுபதுகளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டு நடந்த பெல்பாட்டம் கால்சட்டையின் பெயரில் ஒரு சிற்ப வரிசை உண்டு. அது பிறந்தது பாரிசிலோ நியூயார்க்கிலோ அல்ல, மாமல்லபுரம் கடற்கரையில். ஆண்டு 1997. செய்தவர் ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்க ஓவியர். கூடவே உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்கள் அந்த ஊர் மீனவர்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் வந்து சேராத ஒரு பார்சல்தான். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்த எக்கல்மன், இங்கே ஓவியக் கண்காட்சி நடத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார். வண்ணங்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். கண்காட்சி நாள் நெருங்கியது, வண்ணங்கள் வரவில்லை. சிற்பிகளின் ஊராயிற்றே என்று வெண்கல வார்ப்பில் கைவைத்துப் பார்த்தார். பெரிதாக ஏதாவது செய்ய நினைத்தாலே எடையும் செலவும் மிரட்டின. அப்போதுதான் மீனவர்கள் வலையை மணலில் குவித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. அந்தக் குவியலில் பருமன் இருந்தது, பாரம் இல்லை. சிற்பத்துக்கு அவர் தேடிக்கொண்டிருந்தது அதுதான்.

மீனவர்களோடு சேர்ந்து செய்த முதல் வலைச் சிற்பத்துக்கு ‘அகன்ற இடுப்பு’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். தன்னையே கேலி செய்துகொண்ட சுய உருவம் அது. படம் எடுப்பதற்காகக் கம்பங்களில் ஏற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. கடற்காற்றின் சின்ன அசைவுகூட வலையின் மேல் ஓடியது. இப்படிப் பிறந்த சிற்பத் தொடருக்குத்தான் பெல்பாட்டம் என்று பெயர்.

பெல்பாட்டம் தைக்கும் தையற்காரர் முழங்காலுக்குக் கீழே துணியை அகலமாக வெட்டுவார். வலை பின்னுபவருக்குக் கத்தரிக்கோல் வேண்டியதில்லை. ஒரு வரிசையில் நூறு கண் இருந்தால் அடுத்த வரிசையில் இரண்டு மூன்று கண் கூட்டுவார், வலை விரியும். குறைத்தால் ஒடுங்கும். இப்படி வரிசை வரிசையாகக் கூட்டியும் குறைத்தும் குழாய், கூம்பு, பை என்று எந்த வடிவத்தையும் தையலே இல்லாமல் கொண்டுவந்துவிடலாம். குமரி மாவட்டக் கடற்கரையில் கரமடி வலை இழுப்பவர்களுக்கு இது பாட்டன் காலத்துப் பாடம். இருபக்கமும் நீளும் கைகளில் பெரிய கண்கள். நடுவில் மீன் வந்து சேரும் மடியில் பொடிக்கண்கள். ஒரே வலைக்குள் இத்தனை அளவுகளைக் கணக்காக இணைக்கத் தெரிந்தவருக்கு, கட்டட அளவில் ஒரு பாவாடை பின்னுவது பெரிய காரியம் இல்லை.

உடையைக் கட்டட அளவுக்குப் பெரிதாக்குவதும் தமிழருக்குப் புதிதல்ல. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் நிற்கும். அதில் மரத்தால் ஆன பகுதி அடித்தட்டு மட்டுமே. மேலே எழும்புவது மூங்கில் சட்டமும் தேர்ச்சீலையும்தான். சுற்றிலும் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகள், ஒரு துணிமேல் இன்னொரு துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் தஞ்சாவூர்க் கைவேலை. நவீனக் கலைக்கூடம் எதுவும் இதை நிறுவல் கலை என்று அழைத்ததில்லை. தேர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

உலகக் கலைஞர்கள் இதே வழியில் வெவ்வேறு திசைகளில் போயிருக்கிறார்கள். கானாவில் பிறந்த எல் அனட்சுயி, அந்நாட்டுக் கென்டே சால்வைகளின் சாயலில், மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்துச் சுவர் அளவு திரைகளைத் தொங்கவிடுகிறார். 2023இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கின் மாபெரும் கூடத்தில் அவருடைய திரைகள் தொங்கின. யிங்கா ஷோனிபாரே காற்றில் படபடக்கும் ஆப்பிரிக்க அச்சுத்துணியின் ஒரு கணத்தை மட்டும் பிடித்து, கண்ணாடியிழையில் உறையவைத்து, பொது இடங்களில் நிறுத்துகிறார். அந்த அச்சுத்துணியின் பூர்வீகம் இந்தோனேசியாவின் பாத்திக். டச்சுக்காரர்கள் அதை நகலெடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றார்கள். நம் பக்கத்தில், 2023 மார்ச் 30 அன்று டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஆடை அணிவகுப்பு நடத்தியபோது, சாணக்யா கைவினைப் பள்ளியின் கைவினைஞர்கள் சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு தோரணத்தைப் பூவேலையால் நிறைத்துக் கொடுத்தார்கள். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அது ஓர் இரவுக்கான பந்தல். மாதக்கணக்கில் காற்றோடு மல்லுக்கட்டும் வேலை அதற்கு இல்லை.

அந்த மல்லுக்கட்டைப் புரிந்துகொள்ளக் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியைவிட நல்ல இடம் கிடைக்காது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் விழுந்த இடைவெளி இது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்து நுழைந்து வேகம் எடுக்கிறது. பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்கு அதுதான் காரணம். பெரும்பாலான காற்றாலைகள், காற்று நொடிக்கு 25 மீட்டர் வேகத்தைத் தொட்டால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் ஆனால், தங்களைத் தாங்களே நிறுத்திக்கொள்ளும். அந்த வேகத்தில் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 38 கிலோ எடையின் பலத்தோடு தள்ளுகிறது. பத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு துணியைக் குறுக்கே கட்டினால் கயிறுகள் நான்கு டன் அளவு இழுவையைத் தாங்க வேண்டும். வேகம் பாதியானால் விசை பாதியாகாது, கால்பங்காகும். இருமடங்கானால் நான்கு மடங்காகும். துணிக்கலைஞர் கணக்கில் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஃபிளெக்ஸ் பேனர் கட்டுபவர்கள் நடுவில் பிறைபிறையாகக் கீறிவிடுவார்களே, வலைச் சிற்பத்தின் தத்துவமும் அதுதான். காற்றை எதிர்க்காதே, வழி விடு. வலையின் பரப்பில் பெரும்பங்கு வெற்றிடம் என்பதால் விசை குறைகிறது. மீதமுள்ள விசைக்கு வலை வளைந்து கொடுத்துவிடுகிறது. பார்ப்பவருக்கு அது நடனமாகத் தெரிகிறது.

இருந்தாலும் மாமல்லபுரத்தின் வலையை அப்படியே ஊர் நடுவில் தொங்கவிட முடியாது. வெயிலின் புற ஊதாக்கதிர் நைலானை நாளாவட்டத்தில் இற்றுப்போகச் செய்யும். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரை ஒட்டிய மட்டோசினோஸ் கடற்கரையில் நிரந்தரச் சிற்பம் ஒன்று கேட்டபோது எக்கல்மன் அதற்குப் பொருத்தமான நார் தேடியே நெடுநாள் அலைந்தார். கடைசியில் ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு எந்த வகையோ அதே டெஃப்லான் வகை நார் கைகொடுத்தது. பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பாய் வடிவமைத்த பொறியாளர் பீட்டர் ஹெப்பல் காற்றுக்கணக்கைப் போட்டார். 2005இல் 20 டன் எஃகு வளையத்திலிருந்து சுமார் 50,000 சதுர அடி வலை தொங்கியது. ஊர்க்காரர்கள் அதில் மீன்வலையைக் கண்டார்கள், கடல் உயிர்களைக் கண்டார்கள், அவரவர்க்குத் தோன்றியதைக் கண்டார்கள்.

பின்னாளைய சிற்பங்களில் அந்த எஃகு வளையமும் போயிற்று. 2010இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வலையைக் கட்டடங்களிலேயே கட்டும் நிலை வந்தது. எஃகு வளையத்தின் பாரத்தைக் கட்டடம் தாங்காது. அதனால் வளையத்துக்குப் பதில் கயிற்றுப் பின்னல் வந்தது. கப்பல் கட்டும் கயிறுகளில் பயன்படும் உயர்ரகப் பாலிஎத்திலீன் நார் அது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட 15 மடங்கு வலிமை. சட்டமே துணியாகிவிட்டதால் சிற்பத்தைச் சுருட்டி எடுத்துச் செல்ல முடிந்தது. சிட்னி, ஆம்ஸ்டர்டாம் எல்லாம் சுற்றி 2014இல் சிங்கப்பூர் மரினா பே வானத்திலும் தொங்கியது. 2015இல் பாஸ்டன் நகரில் கட்டிய வலையில் 160 கிலோமீட்டருக்கு மேல் கயிறு, ஐந்து லட்சத்துக்கு மேல் முடிச்சுகள். மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். வலையின் பெரும்பகுதி இப்போது எந்திரத்தில் பின்னப்படுகிறது. கயிற்றோடு கயிறு பிணைப்பதும், துண்டுகளைச் சேர்ப்பதும் இன்றும் கைவேலைதான். புவியீர்ப்பிலும் காற்றிலும் வலை எப்படித் தொய்யும் என்பதை முன்கூட்டியே கணினியில் பார்த்துவிடுகிறார்கள்.

எக்கல்மன் மாமல்லபுரத்துக்குப் பிறகு லித்துவேனியாவில் லேஸ் பின்னும் பெண்களோடு வேலை செய்தார். நாஞ்சில் நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் காது விடைக்க வேண்டும். 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தம் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானம் சில பெண்களுக்கு அடிமைத்தளையிலிருந்து விடுபடும் விலையாகவும் ஆனது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மணந்து, அதே கைவேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். தலையணைமேல் ஊசி குத்தி, நூற்சுருள்களைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் பின்னும் வேலை. நூலுக்குப் பதில் கயிறும், தலையணைக்குப் பதில் இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட வானமும் வைத்தால், எக்கல்மனின் தொழில் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துத் தோவாளையில் இன்னொரு கை இருக்கிறது. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, மணி பதித்த பட்டைபோல் தட்டையாகக் கட்டும் மாணிக்கமாலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. கழுத்துக்கு அளவெடுத்த அணிகலனே சுவரளவு பரப்புக்கும் ஏற்ற வடிவமாக இருப்பது கொஞ்சம் யோசிக்கவைக்கிறது.

வலைத் தொழிற்கூடங்களும் கரமடிக் கடற்கரையும் லேஸ் கையும் பூக்கட்டும் கையும் பொறியியல் கல்லூரிகளும் குமரி என்ற ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. காற்றுக்கோ பஞ்சமே இல்லை. மாமல்லபுரத்தில் தொடங்கிய ஒன்று போர்ட்டோவுக்கும் பாஸ்டனுக்கும் போனது நல்லதுதான். இங்கே ஒன்று நிற்க வேண்டாமா? ஏதாவது ஒரு கல்லூரி முன்வந்தால், மின்கம்பிக்கும் காற்றாலைக்கும் எட்டாத வெளியில் நான்கு கம்பங்களும் பத்து மீட்டர் வலையும் முதல் சோதனைக்குப் போதும். கம்பம் நட்டுக் கயிறு இழுக்க ஆனி, ஆடி சரிப்படாது; பங்குனிக்குள் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். அடியில் பலகை வைப்பவர்கள், வடிவமைத்தவர் பெயரோடு வலை பின்னியவர்கள் பெயரையும் அதே அளவு எழுத்தில் எழுதட்டும்.