டயல் சொல்வது மெய்தானா?

ஹாம் வானொலிப் பெட்டியின் திரையில் 7.100 மெகா ஹெர்ட்ஸ் என்று எண் எரிகிறது. அது அளந்து சொன்ன எண் அல்ல. உள்ளே இருக்கும் படிகம் பிசகாமல் அதிர்கிறது என்று நம்பி மென்பொருள் போட்ட கணக்கு. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017-இல் வெளியிட்ட மைக்ரோ பிட்எக்ஸ் பெட்டியில் அந்தப் படிகம் 25 மெகா ஹெர்ட்ஸ். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு அது தவறினாலே 7.1-இல் 71 ஹெர்ட்ஸ் விலகும். எதிர்முனைக்காரர் காதில் உங்கள் குரல் இயல்பாக விழாது.

திருத்தும் இடம் சட்டெனக் கண்ணில் படாது. மைக்ரோ பிட்எக்ஸில் ‘செட்டப்’பை ஆன் செய்தால்தான் ‘காலிபரேட்’, ‘பிஎஃப்ஓ’ இரண்டும் தலைகாட்டும். யேசு நிறுவனத்தின் எஃப்டி-817-இல் ஏ, பி, சி பொத்தான்களை அழுத்தியபடியே பெட்டியை ஆன் செய்ய வேண்டும். அப்போது திறக்கும் மெனுவில் வாட்டைக் கூட்டும் எண்ணும் உண்டு. வாட் மீட்டர் இல்லாமல் அதில் கை வைப்பது ட்ரான்சிஸ்டருக்கு வைக்கும் கொள்ளி.

எதை வைத்துத் திருத்துவது? மதுரைக்காரருக்கு ஆகாசவாணியின் 1269 கிலோ ஹெர்ட்ஸ்தான் முதலில் தோன்றும். பக்கத்தில் இருக்கிறது, பலமாகக் கேட்கும். ஆனால் மேலே சொன்ன பிசகு அங்கே 13 ஹெர்ட்ஸ்கூடத் தேறாது. 15 மெகா ஹெர்ட்ஸிலோ 150 ஆகிவிடும். அலைவரிசை உயர உயரப் பிசகும் பெருகுவதால், சீனாவின் ஷான்சி மாநிலத்துப் புச்செங்கிலிருந்து 5, 10, 15 மெகா ஹெர்ட்ஸில் நேரக்குறி அனுப்பும் பிபிஎம் நிலையமே மேல். பகலில் 15-ஐயும் இரவில் 10-ஐயும் தேடுங்கள்.

கிடைத்த அலைவரிசைக்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் கீழே நின்று யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) விசிலைக் கேளுங்கள். பிறகு 1 கிலோ ஹெர்ட்ஸ் மேலே நின்று எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை). இரண்டும் ஒரே சுதியில் ஒலித்தால் டயல் சரி. இல்லையென்றால் ‘காலிபரேட்’ எண்ணை நகர்த்துங்கள். பிஎஃப்ஓவின் வேலை வேறு. வடிகட்டிக்குள் குரல் எங்கே அமர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். தவறினால் குரல் மந்தமாகவோ கீச்சென்றோ மாறும்.

படிகத்துக்கும் சித்திரை வெயில் உறைக்கும். காலையில் ஃபேன் காற்றில் வைத்த எண், மதியம் 40 டிகிரியில் கொதிக்கும் மொட்டைமாடி அறையில் நிற்காது. பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாகப் பேசும் அறையில், பேசும் வேளையில் திருத்துங்கள்.

எதைத் தொடும் முன்பும் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். எஃப்டி-817 போன்ற பெட்டிகளில் அவை ஒவ்வொரு செட்டுக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக வைத்தவை. பக்கத்து வீட்டு ஹாமிடம் கேட்டு வாங்க முடியாது.