கடல் கடக்கும் பணம்

வெளிநாட்டில் பயிலும் மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் பணம் அனுப்புகின்றனர். சென்னையில் ரூபாயாகச் செலுத்திய தொகை, சில நாட்களில் இலண்டனில் பவுனாகவும், நியூயார்க்கில் டாலராகவும் கைக்குக் கிடைக்கின்றது. அந்தப் பணம் எவ்வாறு சென்றது? மாணவர் பலர் என்னிடம் கேட்டுள்ள கேள்வி இது. என் விடை அவர்களுக்கு வியப்பளிப்பதுண்டு: பணம் எங்கும் செல்வதில்லை.

நம் நாட்டு வங்கி, அயல்நாட்டு வங்கியொன்றில் தனக்கெனக் கணக்கு வைத்திருக்கின்றது. அந்நாட்டு நாணயம் அதில் முன்னரே இருப்பில் உள்ளது. தந்தை இங்கே ரூபாயைச் செலுத்தியதும், 'எம் கணக்கிலிருந்து இவ்வளவு டாலர் எடுத்து இன்னாருக்குக் கொடுக்க' என்னும் செய்தி மட்டுமே கடல் கடக்கின்றது. முன்னாளில் அது கடிதமாகவும் தந்தியாகவும் சென்றது. 1973-இல் பெல்ஜியத்தில் நிறுவப்பெற்று, 1977 முதல் இயங்கிவரும் 'ஸ்விஃப்ட்' என்னும் அமைப்பே இன்று பெரும்பாலும் அச்செய்தியைச் சுமக்கின்றது.

அங்கே குறையும் இருப்பை நிரப்புவது யாது? நம் ஏற்றுமதியும், அயல்நாடுகளில் உழைக்கும் நம் மக்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் ஈட்டித் தரும் அந்நியச் செலாவணியே. திருப்பூரில் பின்னலாடை தைப்பவரின் உழைப்பும் ஒரு மாணவனின் கல்லூரிக் கட்டணத்தில் கலந்திருக்கின்றது என்று கூறுவது மிகையன்று.

கணித மேதை இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் இந்தியாவிலிருந்த அவர் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. அன்று ஒரு பவுன் ஏறத்தாழ 15 ரூபாய். அந்த 50 பவுன், குடும்பத்தார் கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 750 ரூபாய் ஆகும்.

நாணய மாற்று விகிதம் எப்பொழுதும் அவ்வாறு அசையாமல் நிற்பதில்லை. 1966 ஜூன் 6-ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயாயிற்று. மாதம் 100 டாலர் அனுப்ப 476 ரூபாய் போதுமென்றிருந்த குடும்பத்திற்கு அதன்பின் 750 ரூபாய் வேண்டியதாயிற்று. மகன் அங்கே ஒரு காசும் கூடுதலாகச் செலவிடவில்லை. ஆயினும் வீட்டுச் சுமை ஏறிவிட்டது. இன்று விகிதம் நாள்தோறும் மாறுகின்றது. 10,000 டாலர் அனுப்புவோருக்கு, டாலருக்கு ஒரு ரூபாய் வேறுபாடு 10,000 ரூபாய் வேறுபாடாகும். ஆதலின், வங்கி கேட்கும் கட்டணத்தோடு, அது கூறும் விகிதத்தையும் பிற வங்கிகளின் விகிதத்தோடு ஒப்பிடுதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இரு வங்கிகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லையெனில், இடையில் வேறு வங்கிகள் வரும். அவையும் தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளக்கூடும். கல்லூரிக்குச் சேரும் தொகை குறைந்துவிட்டால் மாணவனுக்கே இடர். எல்லாச் செலவையும் அனுப்புவோரே ஏற்பதாக விண்ணப்பத்தில் குறிப்பிடுவது இதனைப் பெரிதும் தவிர்க்கும்.

சட்டமும் காலத்தோடு மாறியுள்ளது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியச் செலாவணியை இறுகக் கட்டுப்படுத்தியது. 1999-இல் இயற்றப்பெற்ற சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2004-இல் ரிசர்வ் வங்கி ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்ப இசைவளித்தது. 2015-இல் அவ்வரம்பு 2,50,000 டாலராயிற்று. 2020 அக்டோபர் முதல், குறித்த அளவுக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி ஒரு பகுதியை முன்வரியாக வசூலிக்கும் முறை வந்தது. அதனைப் பெற்றோர் தம் வருமான வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். இவ்வழி நேரியதாக இருக்க, 'ஹவாலா' என்னும் மறைவழியை நாடுவது சட்டத்திற்குப் புறம்பானது. பணம் தொலைந்தால் கேட்பதற்கும் இடமில்லை.

பணத்தைப் பெறும் மாணவருக்கும் கடமை உண்டு. 1888-இல் இலண்டன் சென்ற காந்தியடிகள், தமையனார் அனுப்பிய பணத்தில் செலவான ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். அக்கணக்கைக் கண்டபின் செலவைப் பாதியாக்க முனைந்து, வண்டிக் கட்டணத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் பல மைல் நடந்தார். அயல்நாட்டுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களே, நீங்கள் டாலரில் செலவிடுவதை ரூபாயிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் வீட்டில் உண்மையில் செலவானது.